கராஜில் ஒளித்த பூக்கிழங்குகள்

செப்டெம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோடைக்குப் பாவித்த மின்விசிறியைக் கொண்டுபோய் வைக்கலாமென்று கராஜுக்குள் போனபோதுதான் அந்தப் பைகளைக் கண்டேன். காரின் குளிர்காலச் சில்லுகள் நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்த மூலையில், அவற்றுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டியபடி மூன்று வலைப்பைகள் இருந்தன. முதலில் வெங்காயம் என்று நினைத்தேன். அதே மண்ணிறத் தோல், அதே குண்டு. மூக்கில் வைத்துப் பார்த்தால் வெங்காய மணம் இல்லை. பையில் தொங்கிய காகித அட்டையில் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்களின் படம் போட்டிருந்தது.

வசந்தத்தில் பூக்கிற பூக்களின் கிழங்குகள். வெக்ஸ்போர்ட்டில் இந்த வீட்டை வாங்கிப் பதினாறு வருடமாகிறது. இந்தப் பதினாறு வருடத்தில் என் கணவர் ஒரு பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்றி நான் கண்டதில்லை. இவர் பள்ளிக்கூடமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறார். நாள் முழுக்க ஊரார் குப்பையை அள்ளிப்போட்டு வருகிறவனுக்கு வீட்டிலும் மண் கிண்டச் சொல்லாதேயும் என்பார். அப்படிப்பட்ட மனிதர் பூக்கிழங்கு வாங்கியிருக்கிறார். வாங்கியது பெரிதில்லை. வாங்கியதை மேசையில் வைக்காமல் சில்லுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

ஒவ்வொரு பையையும் தூக்கி எண்ணினேன். அறுபது இருந்தன. ஏன் எண்ணினேன் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திராது.

பின்னேரத் தேநீரின்போது கேட்டேன்.

"இஞ்சருங்கோ, கராஜுக்குள்ள என்ன அது, வெங்காயம் மாதிரி?"

இவர் கோப்பையைக் கீழே வைத்தார். "பூக்கிழங்கு."

"ஆருக்கு?"

"ஆருக்கெண்டால்? எங்கட முன்முற்றத்துக்குத்தான்."

"அப்ப நடலாமே. இண்டைக்கு நல்ல வெயில்."

"இப்ப நடக்கூடாது. மண் இன்னும் சூடு. இப்ப தாட்டால் ரியூலிப் குளிருக்கு முந்தியே முளை விட்டிடும். பிறகு உறைஞ்சு பழுதாப்போம். டஃபடிலை முதல் நடலாம், ஒக்ரோபர் தொடங்க. ரியூலிப் கடைசி. விடியக் கை விறைக்கிற குளிர் வரவேணும், ஆனா நிலம் இறுகியும் போகக்கூடாது. அந்த இடைவெளிக்குள்ள நடவேணும்."

நான் இவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வந்திக்கும் செவ்வரத்தைக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். இந்தச் சொற்கள் வேறு யாருடைய வாயிலோ பல வருடம் இருந்து, பிறகு இவருடைய வாய்க்கு வந்த மாதிரி இருந்தது.

"உதெல்லாம் ஆர் சொன்னது?"

"வேலையில... வேலையில ஒராள்."

ஒருத்தன் என்று சொல்லியிருக்கலாம். ஒருத்தி என்றாவது சொல்லியிருக்கலாம். ஆணா பெண்ணா என்று தெரியாமல் இருக்கவேண்டும் என்றால்தான் எங்கள் பாஷையில் ஆட்கள் 'ஒராள்' என்கிற சொல்லைத் தேடி எடுப்பார்கள்.  கோப்பைகளைக் கழுவினேன்.

சந்தேகப்படுகிற குணம் எனக்குப் பிறவியில் இருந்ததில்லை. அது வந்த நாள் எனக்குத் தெரியும். பதினெட்டு வருடத்துக்கு முன்னர் என் தங்கச்சிக்கு ஒரு கல்யாணம் பேசினோம். நல்ல பெடியன், நல்ல குடும்பம், மண்டபம்கூடப் பார்த்தாயிற்று. அந்தக் கிழமை மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. பெண் மொன்றியலில் ஒரு வருடம் ஒருவனோடு சேர்ந்து இருந்தவள் என்று எழுதியிருந்ததாம். தங்கச்சி மொன்றியலில் ஒரு வருடம் இருந்தது உண்மை. படிக்கப் போயிருந்தாள். மற்றது பொய். அவர்கள் கடிதத்தை எங்களிடம் காட்டவில்லை. ஒரு தொலைபேசி அழைப்போடு சம்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள்.

அவள் மொன்றியலில் இருந்த விஷயம் தெரிந்தவர்கள் சிலர்தான். அவர்களில் ஒருவர் இவருடைய தமையன். நான் ஒவ்வொருவராகக் கழித்துக் கழித்துக் கடைசியில் அவரிடம் வந்து நின்றேன். ஒரு பிறந்தநாள் வீட்டில், ஆட்கள் நிறைந்த மண்டபத்தில் வைத்து, "அண்ணை, உங்கட வேலையோ அது?" என்று கேட்டுவிட்டேன். அவர் சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்தார். மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. அன்றோடு போக்குவரத்து நின்றது; பிறகு அவர்கள் எங்கே வீடு மாறினார்கள் என்றும் எனக்குத் தெரியாது. இவரும் எனக்காகத் தமையனை விட்டார் என்றுதான் நான் நம்பியிருந்தேன். மூன்று வருடத்துக்கு முன் தமையனின் மனைவி இறந்தபோது இவர் தனியாகப் போய் வந்தார். நான் போகவில்லை. வந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

தங்கச்சி பிறகு வேறொருவரைக் கல்யாணம் செய்து, இரண்டு பிள்ளைகளோடு பிக்கரிங்கில் இருக்கிறாள். பூக்கிழங்கு விஷயத்தை அவளிடம் சொன்னேன். சிரித்தாள்.

"அத்தானோ? பூவோ? அக்கா, அம்பத்தெட்டு வயசில ஒரு ஆம்பிளை திடீரெண்டு பூ நட வெளிக்கிட்டால் அது தனக்காக இருக்காது."

"உனக்குப் பகிடி."

"பகிடி இல்லை. எண்ணி வை."

"எண்ணிப்போட்டன்," என்றேன்.

ஒக்ரோபர் பிறந்தது. சனிக்கிழமைகளில் ஓவர்டைம் என்று இவர் காலையில் போய் இருட்டும் நேரம் வரத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை என்ன ஓவர்டைம் என்று கேட்டால், தரைக்கு மெழுகு போடுகிறோம் என்றார். இரண்டாவது சனிக்கிழமை வந்தவரின் காற்சட்டையில், இரண்டு முழங்காலிலும், வட்டமாக மண். நகக்கண்ணிலும் மண். தரைக்கு மெழுகு போடுகிறவருக்கு எங்கிருந்து மண் வந்தது? இவர் குளிக்கப் போனதும் கராஜுக்குப் போனேன். நாற்பத்திரண்டு இருந்தன. டஃபடில் பை வெறுமையாகக் கிடந்தது.

"பதினெட்டைக் காணேல்லை," என்று நான் சொல்லவில்லை. "கிழங்கு நட்டாச்சோ?" என்று மட்டும் கேட்டேன்.

"ஓம். முன்னுக்கு நட்டிட்டன். விடிய."

திங்கட்கிழமை எனக்கு லீவு. நான் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறேன். திங்களில் கிளினிக் இல்லை. இவர் வேலைக்குப் போனதும் ஒரு பெரிய கரண்டியை எடுத்துக்கொண்டு முன்முற்றத்தில் குந்தினேன். வாசற்படியின் ஓரத்தில் கொஞ்ச இடம் கிண்டிய அடையாளம் இருந்தது. மண்ணை மெல்ல மெல்ல விலக்கினேன். ஒரு சாணுக்குக் கிட்டக் கீழே முதலாவது கிழங்கு இருந்தது, கூர்ப்பக்கம் மேலே பார்க்க, ஒழுங்காக. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நாயோடு போன ஒரு மனுசி நின்று பார்த்தாள். நட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துப் பெருவிரலைக் காட்டிவிட்டுப் போனாள். நானும் காட்டினேன். ஆறு கிழங்குகள்தான் இருந்தன. ஆறையும் பழையபடி மூடி மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே வந்து கை கழுவினேன்.

பன்னிரண்டு கிழங்குகள் வேறு யாருடைய முற்றத்திலோ இருந்தன.

அதற்குப் பிறகு நான் தேடாத இடமில்லை. காரில் நான் இருக்கிற முன் ஆசனம் ஒருநாள் முழுக்கப் பின்னால் தள்ளிச் சாய்த்தபடி இருந்தது. நான் அப்படிச் சாய்ந்து இருப்பதில்லை. யார் அதில் படுத்துக்கொண்டு போனது? இன்னொரு நாள் இவருடைய ஜக்கெட் பையில் ஒரு திறப்பு. எங்கள் வீட்டுத் திறப்பில்லை, பள்ளிக்கூடத்துத் திறப்பும் இல்லை. அவை ஒரு பெரிய வளையத்தில் கொத்தாக இருக்கும். இது தனித் திறப்பு. தொலைந்துபோகக்கூடாதென்று ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. அந்த நூல்தான் என்னைச் சுட்டது. யாரோ ஒரு வீட்டின் திறப்பை அவ்வளவு கவனமாக வைத்திருக்கிறார். நான் அதை வைத்த இடத்திலேயே வைத்தேன். இருபத்தொன்பது வருடம் ஒன்றாக இருந்த மனிதரிடம் ஒரு திறப்பைக் காட்டி இது என்ன என்று கேட்க எனக்கு ஏன் முடியவில்லை? பதில் வந்துவிடும் என்ற பயம்தான்.

நவம்பர் வந்தது. இவர் ஒவ்வொரு பின்னேரமும் ஃபோனில் வெப்பநிலையைப் பார்த்தார். வேலையால் வந்ததும் உள்ளே வராமல் குனிந்து முற்றத்து மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பார். மீதி ரியூலிப் கிழங்குகள் கராஜில் அப்படியே இருந்தன. ஒரு வியாழக்கிழமை தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

"வாற கிழமை மைனஸ் எட்டாம். இந்தச் சனியை விட்டால் நிலம் இறுகிப்போம்."

"எங்கட முற்றம்தானே. நாளைக்கே நடுங்கோவன்," என்றேன்.

என்னைப் பார்த்தார். "நாளைக்கு ஏலாது. சனிக்கிழமை நடுறன்."

நான் தங்கச்சியை அழைத்தேன். "சனிக்கிழமை உன்ர வானைக் கொண்டு வா," என்றேன். அவள் எதற்கென்று கேட்கவில்லை.

சனி காலை பத்து மணிக்கு இவர் கிழங்குப் பைகளைக் காரின் பின்பக்கம் வைத்ததை மாடி ஜன்னலால் பார்த்தேன். ஒரு சிறிய மண்வெட்டியும் வைத்தார். "போட்டு வாறன்," என்று கீழேயிருந்து குரல் வந்தது. "ஓம்," என்றேன். தங்கச்சி அடுத்த ஒழுங்கையில் வான் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தாள். நான் ஏறியதும் இரண்டு கார்கள் இடைவெளி விட்டுப் பின்னால் போனோம். நாலு-நூற்று-ஒன்று நெடுஞ்சாலையில் மேற்குப் பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடம் கிழக்கில்.

"சரி," என்றாள் தங்கச்சி.  அவளுடைய சிரிப்பெல்லாம் அந்த இடத்தோடு நின்றுவிட்டது.

வெகுதூரம் போனார். விமானங்கள் தலைக்கு மேலே தாழப் பறக்கத் தொடங்கின. ரெக்ஸ்டேலுக்கு இறங்குகிற வழியில் இறங்கினார். "இஞ்ச உங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்று கேட்டாள். ஒருவரும் இல்லை என்றேன். ஒரு தமிழ்க்கடை வாசலில் நிறுத்தி உள்ளே போய் ஒரு வெள்ளைப் பையோடு வந்தார்.

"இடியப்பம்," என்றாள்.

"எப்பிடித் தெரியும்?"

"அந்தப் பை இடியப்பப் பை."

எனக்கு அழுகை வந்தது. வேறு எதையும்விட அந்த இடியப்பம்தான் தாங்கமுடியாமல் இருந்தது. எனக்குச் சமைக்க அலுப்பாக இருக்கிற நாளில்கூடக் கடையில் வாங்கி வா என்றால் முகத்தைச் சுளிக்கிற மனிதர்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய செங்கல் வீடுகள். ஒன்றின் முன்னால் காரை நிறுத்தினார். மணி அடிக்கவில்லை. ஜக்கெட் பைக்குள் கைவிட்டு அந்தத் திறப்பை எடுத்துத் திறந்து, தன் வீட்டுக்குள் போவதுபோல உள்ளே போனார். தங்கச்சி என்னுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். நாங்கள் எதிர்ப்பக்கத்தில் வானுக்குள் இருந்தோம். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தார். கிழங்குகளையும் மண்வெட்டியையும் எடுத்து, கீழ்த்தட்டு ஜன்னலுக்கு நேரே முழங்காலில் இருந்து கிண்டத் தொடங்கினார். மேல்மண் ஏற்கனவே இறுகியிருந்தது போல. இரண்டு கையாலும் குத்தினார். ஜன்னலின் திரை விலகியது.

நான் ஒரு பெண்ணின் கையை எதிர்பார்த்திருந்தேன். வந்தது மெலிந்த, கிழட்டுக் கை. முழங்கைக்குக் கீழே பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. பிறகு முகம் வந்தது. கன்னமெல்லாம் வற்றி, கண் மட்டும் பெரிதாக இருந்த ஒரு முகம். எனக்கு அடையாளம் பிடிபடவில்லை. தங்கச்சிக்குப் பிடிபட்டது.

"அக்கா. உது அத்தான்ர தமையனெல்லே."

நான் வானை விட்டு இறங்கித் தெருவைக் கடந்தேன். இவர் என்னைக் கண்டு எழும்பவில்லை. முழங்காலில் இருந்தபடியே, கையில் ஒரு கிழங்கோடு, அண்ணாந்து பார்த்தார்.

"என்னெண்டு வந்தனீர்?"

"நீங்கள் என்னெண்டு வந்தனீங்கள்?"

சொன்னார். தமையனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. கிழமையில் மூன்று நாள் டயலிசிஸ். பிள்ளைகள் இருவரும் அல்பேர்ட்டாவில். மற்ற நாட்களில் வண்டி வந்து ஏற்றுகிறது, சனிக்கிழமை வருவதில்லை. ஒக்ரோபரிலிருந்து சனிக்கிழமைகளில் இவர்தான் கூட்டிக்கொண்டு போய் வருகிறார். திரும்பி வரும்போது அவருக்கு நிமிர்ந்து இருக்க ஏலாதபடியால் ஆசனத்தைச் சாய்த்துப் படுக்க வைக்கிறார். இன்றைக்குப் பின்னேரம்தான் முறை.

"மச்சாள் உயிரோட இருக்கேக்க ஒவ்வொரு வருசமும் பூக்கிழங்கு நடுறவ. எப்ப நடவேணும், எது முதல் நடவேணும் எண்டு அண்ணைக்குப் பாடம். கட்டில் இந்த ஜன்னலுக்குப் பக்கத்தில. வசந்தத்துக்கு இருந்தால் படுத்தபடி பாக்கலாம் எண்டார். அவ்வளவுதான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் விடமாட்டீர்."

"விடமாட்டன் எண்டு ஆர் சொன்னது?"

"பதினெட்டு வருசமாச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறீர்."

 வேறு பெண் இல்லை என்ற நிம்மதி வந்திருக்கவேண்டும். வந்தது, ஆனால் நிற்கவில்லை. அது நின்றிருக்க வேண்டிய இடத்தில் பழைய கோபம் வந்து உட்கார்ந்தது. எனக்குப் பின்னால் தங்கச்சி வந்து நின்றாள். ஜன்னலில் இருந்த முகம் அவளைப் பார்த்தது. உள்ளேயிருந்து, கண்ணாடிக்கூடாக மெல்லிய குரல் கேட்டது.

"ரெண்டு பேரையும் உள்ள வரச் சொல்லு."

நான் போகாமல் விட்டிருப்பேன். தங்கச்சி போனாள், அதனால் நானும் போனேன். அறையில் மருந்து மணமும் இடியப்பத்துக்கு விட்ட சொதியின் மணமும் இருந்தன. அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். எங்களை இருக்கச் சொன்னார். நாங்கள் இருக்கவில்லை. சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. அந்த நிலையில் அவரைக் கண்டும் நான் சந்தேகத்தோடுதான் நின்றேன். நோயாளிகள் மன்னிப்பைச் சுலபமாக வாங்கிவிடுவார்கள், இரக்கப்பட்டு ஏமாறக்கூடாது என்று மனம் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. தங்கச்சியைப் பார்த்தார்.

"அந்தக் கடிதம் நான்தான் பிள்ளை எழுதினது."

அவ்வளவு காலமும் நான் சரியென்று நினைத்த விஷயம். சரியென்று தெரிந்ததும் சந்தோசம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

"ஏன்?" என்றேன்.

"என்ர மனுசியின்ர தங்கச்சிக்கு அந்தப் பெடியனைத்தான் முதல் கேட்டிருந்தம். அவை மறுமொழி சொல்லாமல் இருந்துபோட்டு உங்கட பக்கம் போட்டினம். எனக்கு ஆத்திரம். இடது கையால எழுதினனான். மனுசிக்கும் தெரியாது."

"அவவின்ர தங்கச்சிக்காவது அந்தச் சம்பந்தம் சரிவந்ததோ?"

"இல்லை."

 தங்கச்சி கட்டிலின் கால்மாட்டுக்குக் கிட்டப் போய் நின்றாள்.

"என்ன எழுதினீங்கள்? ஒவ்வொரு வரியாச் சொல்லுங்கோ. எனக்கு ஒருத்தரும் காட்டேல்லை."

அவர் சொன்னார். நாலைந்து வரிதான். சொல்லும்போது மூன்று தரம் நிறுத்தினார், நிறுத்திய ஒவ்வொரு தரமும் அவள் "பிறகு?" என்றாள். சொல்லி முடிந்ததும் அவள் தலையை ஆட்டினாள்.

"அந்த வருசம் முழுக்க நான் ஒரு கல்யாண வீட்டுக்கும் போகேல்லை," என்றாள். "எனக்கு இருபத்தாறு வயசு." பிறகு வெளியே போய் வானுக்குள் ஏறி இருந்துகொண்டாள்.

நான் வெளியே வந்தபோது இவர் இன்னும் கிண்டிக்கொண்டிருந்தார். உள்ளே நடந்தது ஒன்றும் இவருக்குக் கேட்கவில்லை. "கொஞ்சம் பிடியுமன், இந்த மண் விடுகுதில்லை," என்றார். நான் பிடிக்கவில்லை. தெருவைக் கடந்து போய் வானில் ஏறினேன்.

பாதி வழியில் தங்கச்சி சொன்னாள், "அந்தப் பெடியனைப் போன வருசம் ஒரு கடையில கண்டனான். முழு மொட்டை." சிரித்தாள். சிரித்துக்கொண்டே வானை ஓரத்தில் நிறுத்திவிட்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்தாள். "என்ர மனுசனும் பிள்ளையளும் எனக்குக் காணும். ஆனா விட ஏலாது அக்கா. இண்டைக்கு விட ஏலாது."

இவர் வந்ததும், சாப்பாடு போடாமலே கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமோ, அவர்தான் எழுதினது எண்டு?"

கையைக் கழுவிக்கொண்டிருந்தவர் தண்ணீரை நிறுத்தினார். "சொல்லிட்டாரோ?"

"தெரியுமோ எண்டு கேட்டனான்."

"தெரியாது. சந்தேகம் இருந்தது. நான் கேக்கேல்லை."

"ஏன்?"

"கேட்டிருந்தால் ஓம் எண்டிருப்பார். பிறகு எனக்குத் தமையன் இல்லை. கேக்காட்டில், இருக்கிறார்."

அந்த மறுமொழியை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்று நான் இவரோடு பேசாமல் படுத்தேன். அடுத்த சனிக்கிழமை இவர் போகும்போது எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை சோறும் உப்புக் குறைத்த பருப்பும் ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். யாருக்கென்று இருவரும் சொல்லவில்லை.

பெப்ரவரியில் இவர் காய்ச்சலில் விழுந்தார். அந்தச் சனிக்கிழமை தமையனை நான் கூட்டிக்கொண்டு போனேன். பனி கொட்டியது.  திரும்பும்போது ஆசனத்தைச் சாய்த்துப் படுத்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, "கிழங்குக்குப் பனி நல்லது. பாயால மூடின மாதிரி," என்றார். ஓம் என்றேன். அவர் நல்லவராகிவிட்டார் என்று அப்போதும் நான் நம்பவில்லை. ஆனால் வீட்டுவாசலில் இறங்கும்போது வழுக்கிவிடக்கூடாதென்று கையைப் பிடித்தேன். பிடித்த கை குருவிக்காலைப் போல இருந்தது.

ஏப்ரல் கடைசியில் அங்கே டஃபடில் பூத்தது. மே மாதம் நடுப்பகுதியில் ரியூலிப். கடைசி நாளில் இறுகிய மண்ணில் குத்தி நட்டவை என்பதால் தண்டு கட்டையாக, பிந்தித்தான் வந்தன. ஆனால் வந்தன. அணில் கிண்டிய நாலைந்தைத் தவிர எல்லாம் வந்தன. பெரும்பாலும் சிவப்பு. அவர் கட்டிலில் இருந்து பார்த்தார். ஃபோனில் எனக்கே நேரே எடுத்து, "பூத்திட்டுது," என்று சொன்னார். உடனே வைத்துவிட்டார்.

அதைத் தங்கச்சிக்குச் சொன்னேன். அவள் "ம்," என்றாள். அடுத்த சனிக்கிழமை நானும் இவரும் அங்கே இருந்தபோது, எதிர்ப்பக்கத்தில் அவளுடைய வான் வந்து நின்றது. வருவாள் என்று அவள் சொல்லியிருக்கவில்லை. இறங்கவும் இல்லை. தமையன் ஜன்னலால் பார்த்தார். எழும்ப வேண்டாம் என்று இவர் தடுக்கத் தடுக்க, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். வாசலிலிருந்து தெருவைக் கடந்து வானுக்கு அறுபது அடி இருக்கும். அதைக் கடக்க அவருக்குப் பத்து நிமிடம் எடுத்தது. வானின் கண்ணாடி இறங்கியது. இருவரும் கதைத்தார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவள் ஏதோ கேட்டாள். அவர் கனநேரம் பதில் சொன்னார். அவள் ஒருதரம் தலையை ஆட்டினாள், ஆமென்றா இல்லையென்றா என்று அங்கிருந்து தெரியவில்லை. பிறகு வான் போய்விட்டது.

என்ன கதைத்தீர்கள் என்று இரண்டு பேரிடமும் கேட்டேன். "சும்மா, சுகம் விசாரிச்சா," என்றார் அவர். "ஒண்டுமில்லையக்கா," என்றாள் அவள். இருவரும் எனக்கு எதையோ ஒளிக்கிறார்கள். என்னவென்று இன்னும் எனக்குத் தெரியாது.